பாலத்தின் உன் பாதி

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டதுதான். முகம் கழுவவில்லை, காப்பி போடவில்லை. அடுக்களைப் படியில் நின்று விரலிடுக்குகளிலும் நகக்கண்களிலும் இறங்கும்படி நிதானமாகத் தேய்த்தேன். அண்டி எண்ணெய் வெறுந்தோலில் பட்டால் வெந்து கருத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். பிறகு விறகுப்புரையிலிருந்து டின்னை எடுத்துவந்து மூடியைத் திறந்தேன். முந்திரிக்கொட்டையின் ஓட்டை வறுக்கும்போது வடிகிற அந்தக் கறுத்த எண்ணெயின் காரநெடி மூக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏறியது மீனெண்ணெய் வாசம். சாளை எண்ணெய். உன் எண்ணெய்.

டின்னுக்குள் குனிந்து மறுபடி முகர்ந்தேன். அதில் இருந்தது அண்டி எண்ணெய்தான். வாசம் ஓடைப் பாலத்தின் பக்கமிருந்து வந்தது. சில நாட்களாக நல்ல வெயில். காய்ந்த மரம் சூடாகும்போது உள்ளே ஊறிக் கிடப்பது வெளியே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்போது வெயில் ஏறியிருக்கவில்லை. ரப்பர் மரங்களுக்குக் கீழே இன்னும் இருட்டு கிடந்தது. பாலத்தில் உன் பாதிக்கு எண்ணெய் போட்டு மூன்று மழைக்காலம் கழிந்துவிட்டது.

நாம் பழகியது எல்லாம் அந்தப் பாலத்தின் மேல்தான் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டு அயினி மரத் தடிகள். அவற்றின் மேல் குறுக்கே அடித்த பலகைகள். இந்தக் கரையில் என் வாழைகள், அந்தக் கரையில் உன் வீட்டுப் பின்வாசல். ஓடையின் நடுவில்தான் இரு மண்ணுக்கும் எல்லை. அதனால் பாலத்திலும் நடுப்பலகைதான் எல்லை. இந்தப் பக்கத்துப் பாதியைப் பேணுவது நாங்கள், அந்தப் பக்கத்துப் பாதியைப் பேணுவது நீங்கள். ஒருவர் பாதியில் இன்னொருவர் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. நம் ஊரில் இதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அடுத்தவன் வழியைச் செம்மை செய்கிறவன் நாளைக்கு அந்த வழி எனக்கும் சொந்தம் என்று கோர்ட்டுக்குப் போவான் என்கிற பயம், இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

நீ கல்யாணமாகி வந்த வருடம் அது உனக்குத் தெரியாது. குளச்சல் கடற்கரையில் ஓடை ஏது, எல்லை ஏது? நீ வந்த முதல் கோடையிலேயே உன் தம்பி பஸ்ஸில் ஒரு கேன் கொண்டுவந்து இறக்கினான். மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுகிற மீனெண்ணெய். அந்த பஸ்ஸில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை என்று நீ பெருமையாகச் சொன்னாய். நான் இந்தக் கரையில் அண்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். நீ அந்தக் கரையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கந்தைத்துணி சுற்றிய கம்பால் பலகைகளைத் தேய்த்தபடியே வந்தாய். நடுப்பலகையையும் தாண்டி என் பாதிக்கு வந்துவிட்டாய்.

"அம்மா தாயே, அங்ஙனயே நில்லு," என்றேன். "இது எனக்க பக்கம்."

"பக்கமா? ஒரு வள்ளத்துல அணியம் ஒருத்தனுக்கும் அமரம் ஒருத்தனுக்கும் உண்டா?" என்றாய். வள்ளத்தின் முன்முனையையும் பின்முனையையும்தான் சொன்னாய். பிறகு என் சட்டியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாய். "இது எண்ணெயா ஏட்டி, ஆசிடா?"

"உனக்க எண்ணெய்க்கு இது சந்தனம்."

அன்று மாலைக்குள் ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் உன் பாதியில் வரிசையாக உட்கார்ந்து பலகையை நக்கிக்கொண்டிருந்தன. உன் கணவரின் அண்ணன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். கடப்புறத்திலிருந்து பெண் எடுத்தால் இதெல்லாம் வரும் என்று அவர் சொன்னது இந்தக் கரை வரை கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். நீ பூனைகளைப் பார்த்து, "பயப்படாம தின்னுங்க மக்கா, பெரியவரு ஒண்ணும் பறயமாட்டாரு," என்றாய். அவர் அதற்குப் பிறகு உன்னிடம் வாய் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படித்தான் பாலத்துக்கு இரண்டு நிறம் வந்தது. உன் பாதி தேன் நிறம், என் பாதி கருப்பு. நடுப்பலகையில் மட்டும் இரண்டு எண்ணெயும் சேர்ந்து விழுந்து, அது ஈயத்தகடு போல மின்னும். ஒவ்வொரு கோடையிலும், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால், நீ அந்தக் கரையிலிருந்தும் நான் இந்தக் கரையிலிருந்தும் தொடங்கி நடுவில் வந்து சேர்வோம். தேங்காய்த் தொண்டு வைத்துப் பாசியைத் தேய்த்து எடுப்பது, வெயிலில் காயவிடுவது, எண்ணெயைச் சூடாக்கி ஊட்டுவது. தடிகளின் வெட்டுவாய் மண்ணில் புதைகிற இடத்தில்தான் நேரம் எடுக்கும். எத்தனை ஊற்றினாலும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நான் போதும் என்று எழுந்திருப்பேன். "மரம் குடிக்கட்டு ஏட்டி, நீ என்னத்துக்கு அவசரப்படுக?" என்பாய்.

என் எண்ணெய் ஒருமுறை போட்டால் நெடுநாள் நிற்கும். உன் எண்ணெயை வருடாவருடம் போட வேண்டும். இதைச் சொல்லி உன்னை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். "வருசா வருசம் போட்டாத்தான் வருசா வருசம் நீ இஞ்ச வந்து உக்காந்து பேசுவ," என்று ஒருமுறை சொன்னாய். அன்று அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் பட்டது.

என் அப்பா இறந்துபோன வருடம் உனக்கு நினைவிருக்கும். அடக்கம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் உட்கார முடியாமல் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு வந்தேன். நீ பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். கையைக்கூடத் துடைக்காமல் வந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டாய்.

"இன்னைக்கு வேண்டாம். ஈரம் கெடக்கு. ஈரத்துக்கு மேல எண்ணெய் போட்டா உள்ள வெச்சு அவிஞ்சு போவும்."

"நாலு நாளா மழையே இல்லையே," என்றேன்.

"இருக்கு," என்றாய். நீ பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் நடுப்பலகையில் தண்ணீருக்கு மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன். நீ கப்பைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து தந்தாய். அப்பா எனக்கு எழுதிவைத்த இந்த மண்ணில் நான் பிறந்திருக்கிறேன், வளர்ந்திருக்கிறேன். ஆனால் இங்கே எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றுதான் தோன்றியது.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்ததை எழுதாமல் தள்ளிக்கொண்டே போகிறேன். முகம் சின்னதாகப் போயிருந்தது. கண்கள் மட்டும் அதே கண்கள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நீ ஒரு சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வெயில் கொளுத்தியது. கிளம்பும்போது என் கையைப் பிடித்தாய்.

"மழைக்கு முன்ன நான் வந்துருவேன். அதுவரைக்கும் நீ எனக்க பக்கம் தொடாத, கேட்டியா? உனக்க ஆசிட்ட கொண்டு எனக்க பலகைல தேச்சிராத."

"தொடமாட்டேன், நீ வா," என்றேன்.

மழை வந்தது. அன்றைக்குத்தான் உன்னையும் கொண்டுவந்தார்கள், ரோட்டு வழியாக, சைரன் போடாத ஆம்புலன்சில். ஓடைக்கரையில், உன் வீட்டுப் பின்வாசலுக்கும் பாலத்துக்கும் இடையில் உன்னை அடக்கம் செய்தார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்று நீ கேட்டதாக உன் கணவர் சொன்னார். ரப்பர் வைக்கத் தோதில்லாத இடம் என்று அவருடைய அண்ணன் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அதன் பிறகு வந்த கோடையில் என் பாதிக்கு மட்டும் எண்ணெய் போட்டேன். நடுப்பலகை வரை வந்து நின்றுவிட்டேன். உன் பாதியைத் தொடக் கூடாது என்பது ஊர் முறை. அதைவிட, நீ சொல்லியிருந்தாய். உன் கணவர் திரும்ப துபாய் போய்விட்டார். அவருடைய அண்ணனுக்குப் பாலமே கண்ணில் படுவதில்லை. இந்தக் கோடையிலும் அப்படியே. இப்போது பாலத்தைப் பார்ப்பவர்கள் இது ஒரே தச்சன் செய்ததா என்று கேட்பார்கள். என் பக்கம் கருத்து இறுகிக் கிடக்கிறது. உன் பக்கம் தேன் நிறமெல்லாம் போய்ச் சாம்பல் பூத்து, பலகை ஓரங்களில் வெள்ளைக் காளான் அடுக்கடுக்காக முளைத்திருக்கிறது. விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி போல உள்ளே போகிறது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நடுப்பலகை சத்தம் போடும். உனக்குத் தெரியும், அதில் ஓர் ஆணி எப்போதும் தளர்ந்தே இருக்கும், மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். நீ வருகிறாய் என்பதை அதை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்வேன். உடனே அடுப்பில் தேயிலைக்குத் தண்ணீர் வைப்பேன். இப்போதும் கேட்கிறது. தண்ணீர் வைத்த பிறகுதான் நினைவு வருகிறது. சில நாள் அது உன் மகள் அக்ஸாவாக இருக்கும். சில நாள் யாரும் இருப்பதில்லை. வாசலில் வந்து பார்த்தால் ஓடைக்கு அப்பால் உன் கல்லறையின் வெள்ளை டைல்ஸ் மட்டும் தெரியும். வைத்த தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் இரண்டு கப்பாகத் தேயிலை போட்டு இரண்டையும் நானே குடிப்பேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் டாக்டரிடம் போகலாம் என்பார்.

உன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சோறு, துணி, ஸ்கூட்டர், டியூஷன், எல்லாம் உண்டு. ஆனால் அந்த வீட்டில் உன் பேரை யாரும் எடுப்பதில்லை. வருத்தப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறார்களோ என்னவோ. அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாலம் கடந்து இங்கே வந்துவிடுவாள். நான் மார்த்தாண்டத்திலிருந்து ஆபீஸ் முடிந்து வரும்போது அடுக்களையில் புத்தகத்தைப் பரப்பி வைத்திருப்பாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். நீ பூனைகளிடம் பேசியதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பாள். சொல்லும்போது உன் குரலை நான் சரியாகச் சொல்லாவிட்டால் திருத்துவாள்.

போன வாரம் உன் பாதியில் ஒரு பலகை விட்டுக்கொடுத்து அவளுடைய கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நான் ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், முழங்காலில் ரத்தம்.

"சித்தி, அம்மாக்க பலகை என்ன பிடிச்சு வெச்சிட்டு. விடமாட்டேங்குது."

காலை வெளியே எடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அழைத்துவந்து மருந்து போட்டேன். அவள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இன்று காலை உன் எண்ணெயின் வாசத்தோடு என் எண்ணெயைப் போட்டுக்கொண்டே நடுப்பலகைக்கு வந்தேன். நிமிர்ந்தபோது அக்கரையில் அண்ணாச்சி நின்றிருந்தார். உன் கணவரின் அண்ணனைச் சொல்கிறேன். பல் தேய்க்கும் பிரஷ் வாயில் இருந்தது. அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளே, நீ இனி மெனக்கெடாண்டாம்," என்றார். "திங்கக்கிழமை ஆளு வரும். பொளிச்சு எடுத்துரும்."

"எத அண்ணாச்சி?"

"பாலத்தத்தான்."

"எனக்க பாதியையுமா?"

சிரித்தார். "உனக்க பாதிய நீ வெச்சுக்க. நடுவுல இருந்து தூண்டில் போடலாம்."

"அப்ப அக்ஸா எப்பிடி வருவா?"

"ரோட்டு வழி வரட்டு. காலு உள்ள போச்சுல்லா? முறிஞ்சிருந்தா அவளுக்க அப்பனுக்கு நான் என்ன பதில் பறய?"

ரோட்டு வழி என்றால் ஜங்ஷன் வரை போய், சர்ச்சைச் சுற்றி, எங்கள் முன்வாசலுக்கு வர வேண்டும். போகப் போக அவள் வருவது குறையும். பிறகு நின்றுவிடும். பிள்ளைகள் அப்படித்தான். 

"மூணு பலக மாத்தினா போரும் அண்ணாச்சி. தடி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நானே மாத்தித் தாறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை, பயம். "நீ மாத்தாண்டாம்," என்றார். "எனக்க அப்பாக்க மண்ணுல இண்ணைக்கு கண்டவன் எல்லாம் பைக் ஓட்டுகான். எப்பிடின்னு தெரியுமா? அடுத்த மண்ணுக்காரன் சும்மா ரெண்டு கடவப்பெட்டி சரளக்கல்லு கொண்டு வழியில தட்டினான். நல்ல மனுசன்னு நாங்களும் விட்டோம். பொறவு நாந்தான் வழியப் பேணினேன்னு கேஸ் போட்டான். அப்பா அந்தக் கேஸ்லதான் விழுந்தாரு, எந்திரிக்கவே இல்ல." குனிந்து பிரஷ்ஷை ஓடையில் அலசினார். "நீ அப்பிடிப்பட்ட ஆளு இல்ல, எனக்குத் தெரியும். ஆனா உனக்க வீட்டுக்காரன் பின்மண்ணுக்கு ஆளு காட்டிட்டு இருக்கான். நாளைக்கு வாறவன் எப்பிடி இருப்பான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கு நாகர்கோவிலில் ஃபிளாட் வாங்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஓடை வரை கிடக்கும் பின்மண்ணை விற்றால் முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து அண்ணாச்சி சொன்னதை அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "நல்லதாப் போச்சு," என்றார். "வழி கெடக்கிற மண்ண எவனும் வாங்கமாட்டான். போட்டும் விடு."

மறுபடி ஓடைக்கரைக்கு வந்தேன். வெயில் ஏறி என் பாதியில் புது எண்ணெய் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. உன் பாதி வாய் பிளந்த பலகையோடு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது: இத்தனை நாள் நான் முறைக்குப் பயந்து நிற்கவில்லை. மழைக்கு முன் வருகிறேன் என்று நீ சொன்னாய், நான் காத்திருந்தேன். உன் பாதியை நான் தொட்டால் நீ வரமாட்டாய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அதை உளுக்கவிட்டேன். உன் மகளின் கால் உள்ளே போகிற அளவுக்கு நான் உனக்காகக் காத்திருந்திருக்கிறேன். அந்த வாசம் இன்று என் டின்னைத் தேடி வந்தது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. நீ கூப்பிட்டாயா, விரட்டினாயா, இரண்டில் எது என்றும் தெரியவில்லை. திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் நடுப்பலகை ஒருமுறை தட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரும் வைக்கவில்லை.

குளித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கையில் தேய்த்த எண்ணெய் சோப்புக்குப் போகவில்லை, காகிதத்தில் விரல் படுகிற இடமெல்லாம் திட்டு விழுகிறது. எழுத எழுத ஒன்று தெளிந்துகொண்டே வந்தது. அண்ணாச்சி சொல்வதில் தப்பில்லை. வழி என் பேரில் போய்விடும் என்பதுதான் அவர் பயம். என் வீட்டுக்காரருடைய பயம் வழி கிடந்தால் மண் விற்காது என்பது. இரண்டு பேரும் வழி யாருக்கு என்றுதான் கேட்கிறார்கள். அது யாருக்கென்று நான் சொல்லிவிட்டால் போதும்.

இந்த மண் அப்பா எனக்கு எழுதிவைத்தது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு சென்ட் விற்க முடியாது. அதே கையெழுத்து போட்டால், நடுப்பலகையிலிருந்து என் அடுக்களைப் படி வரை நடந்து வருகிற உரிமையை உன் மகளின் பேரில் எழுதிக் கொடுத்துவிடலாம். யார் வாங்கினாலும், யார் விற்றாலும், அவள் வரலாம். உங்கள் மண்ணில் எனக்கு வழி வேண்டாம், அந்த உரிமை எனக்கு இல்லை என்றும் அதிலேயே எழுதிவிடுவேன். அண்ணாச்சி எதற்குப் பயப்பட வேண்டும்? வழி அவர் குடும்பத்துக்கு வருகிறது, போகவில்லை. பிறகு அவரே தச்சனைக் கூப்பிட்டுப் பலகை மாற்றுவார். மாற்றிய பலகைக்கு மழைக்கு முன் நான் எண்ணெய் போடுவேன், உன் எண்ணெய். உன் தம்பியிடம் ஒரு கேன் கேட்க வேண்டும்.

ஃபிளாட் நடக்காது. வீட்டில் பல நாள் பேச்சு இருக்காது. அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். திங்கள்கிழமை ஆள் வருவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணாச்சி வெளியே வரும்போது, என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்கும்போது, இதைச் சொல்லப்போகிறேன். அக்ஸாவிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.